போலி முத்திரையோடு வரும் ஆட்டுக்கொல்லி

கேள்வி: "எங்களிடம் 32 வெள்ளாடுகள் இருந்தன. தை மாதம் சந்தையில் நான்கு கிடாக்குட்டிகள் வாங்கி வந்து, அன்றைக்கே மந்தையில் விட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் அதில் ஒன்றுக்குக் காய்ச்சல், மூக்கில் சளி, வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் ஊசி போட்டோம். கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக 14 ஆடுகள் செத்துவிட்டன. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு ஆட்டுக்கொல்லி நோய் என்றார். மற்ற காய்ச்சலுக்கெல்லாம் கேட்கிற ஊசி இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? இந்த நோய்க்கு மருந்தே கிடையாதா? மீதி ஆடுகளையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்."
- ஒரு வாசகர், செங்கம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: உங்கள் இழப்பு பெரியது. காரணம் சொல்வதற்கு முன்னால், கையில் இருக்கும் 22 ஆடுகளுக்கு இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சளி, புண், கழிச்சல் இருக்கும் ஆடுகளை உடனே தனிப் பட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி, தீவனத் தட்டு எல்லாம் தனியாக இருக்கட்டும். நோய் ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல ஆடுகளின் பக்கம் போகக் கூடாது. வேறு ஆள் இல்லையென்றால், நல்ல ஆடுகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாக நோய்ப் பட்டிக்குப் போங்கள். கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்த ஆட்டை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். 'போனவரை லாபம்' என்று நோய் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். உங்கள் பட்டிக்கு இந்த நோய் வந்ததும் யாரோ ஒருவர் அப்படிச் செய்ததால்தான் இருக்கும்.

அடுத்து, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நோய்க்குறி இல்லாத ஆடுகளுக்கும் அக்கம்பக்கத்து மந்தைகளுக்கும் தடுப்பூசி போடுவது பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். நோய்க் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்துவிட்ட ஆடு, தடுப்பூசி போட்ட பிறகும் படுத்துவிடலாம். அதைப் பார்த்து 'ஊசி போட்டதால்தான் செத்தது' என்று மற்ற ஆடுகளுக்குப் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு ஆட்டுக்குப் போட்ட ஊசி முனையை அடுத்த ஆட்டுக்குப் பயன்படுத்தவும் விடாதீர்கள்.

இனி, ஊசி ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு வருவோம்.

ஆன்டிபயாடிக் எதைத் தாக்குகிறது?

ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற மருந்து, பாக்டீரியா புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறையைப் பூட்டிவிடும். பாக்டீரியாவின் ரைபோசோமும் ஆட்டின் ரைபோசோமும் அமைப்பில் வேறுபட்டவை. அதனால் பாக்டீரியா சாகிறது, ஆடு பிழைக்கிறது. என்ரோஃப்ளாக்சசின், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை முறுக்கிப் பிரிக்கும் நொதியைத் தாக்குகிறது.

ஆட்டுக்கொல்லி ஒரு வைரஸ். அதற்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது, டி.என்.ஏ.வும் கிடையாது. ஆட்டின் பட்டறையில் புகுந்து, ஆட்டின் ரைபோசோமைக் கொண்டே தன் புரதங்களைத் தயாரித்துக்கொள்கிறது. ஆன்டிபயாடிக் தாக்குகிற இலக்கு எதுவும் வைரஸிடம் இல்லை. ஐந்து நாள் போட்டாலும் ஐம்பது நாள் போட்டாலும் பலன் ஒன்றுதான்.

அப்படியானால் மருத்துவரும் சில சமயம் ஆன்டிபயாடிக் போடுகிறாரே என்று கேட்பீர்கள். ஆட்டுக்கொல்லி வந்த ஆட்டின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து பாக்டீரியா நுரையீரலில் புகுந்து நிமோனியாவை உண்டாக்கும். மருத்துவர் ஊசி போடுவது அந்தப் பாக்டீரியாவுக்காக. கூடவே உடம்பில் நீர் வற்றாமல் குளுக்கோஸ், உப்புக் கரைசல் ஏற்றுவார். வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவி, கஞ்சி கொடுக்கச் சொல்வார். இவை ஆட்டைத் தாங்கிப் பிடிக்கும் வைத்தியம். வைரஸைக் கொல்லும் வைத்தியம் அல்ல.

நெகட்டிவ் பிலிமாக வரும் வைரஸ்

இந்த வைரஸுக்குள் இருப்பது ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழை. நீளம் ஏறக்குறைய 16,000 எழுத்து, அதில் ஆறு மரபணுக்கள். விஞ்ஞானிகள் இதை 'நெகட்டிவ் இழை' என்கிறார்கள். பழைய போட்டோ ஸ்டுடியோவில் நெகட்டிவ் பிலிம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெளுப்பாகவும், வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். அதைப் பிரிண்ட் போட்டால்தான் படம். அதுபோல இந்த இழையை ஆட்டின் ரைபோசோமால் நேரடியாகப் படிக்க முடியாது. அதிலிருந்து நேர்ப்பிரதி எடுக்க வேண்டும். அந்த நேர்ப்பிரதிதான் தூது ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசி சமயத்தில் எம்.ஆர்.என்.ஏ. என்று காதில் விழுந்ததே, அதுவேதான்.

ஆர்.என்.ஏ.வைப் பார்த்து இப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்கும் கருவி ஆட்டின் உயிரணுவில் இல்லை. அதனால் வைரஸ் அந்தக் கருவியையும் தன்னோடு கட்டிக்கொண்டு வருகிறது. 1970-ல் டேவிட் பால்டிமோர், ஆலிஸ் ஹுவாங், மார்த்தா ஸ்டாம்ஃபர் ஆகியோர் இதே வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கண்டங்களில் மாடு, குதிரை, பன்றிகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் வைரஸ் அது. பார்வைக்கு நம் கோமாரி நோய் போலவே இருக்கும். வெசிக்குலர் ஸ்டொமாடைட்டிஸ் என்பது அதன் பெயர்.

ஆட்டுக்கொல்லி வைரஸ் கொண்டுவரும் கருவிக்கு 'எல்' புரதம் என்று பெயர். சுமார் 2,200 அமினோ அமிலங்கள் கோத்த மிகப் பெரிய புரதம்.

முத்திரை இல்லாத பத்திரம் செல்லாது

பிரதி எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. எழுதி முடித்த பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, முத்திரை குத்தினால்தானே செல்லும்? தூது ஆர்.என்.ஏ.வுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதன் முன்முனையில் குவானோசின் என்ற ஓர் எழுத்தைத் தலைகீழாகப் பொருத்தி, அதன்மேல் மீத்தைல் என்ற சிறு குறியையும் வைக்க வேண்டும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் 'தொப்பி'.

இந்தத் தொப்பியால் மூன்று காரியம் நடக்கிறது. ஒன்று, தொப்பியைப் பார்த்துத்தான் ரைபோசோம் வேலையைத் தொடங்குகிறது. இரண்டு, ஆர்.என்.ஏ.வை முனையிலிருந்து கடித்துத் தின்னும் நொதிகள் உயிரணுவுக்குள் உண்டு. தொப்பி இருந்தால் அவை நெருங்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியமானது. உயிரணுவுக்குள் காவல்காரப் புரதங்கள் இருக்கின்றன. தொப்பி இல்லாத ஆர்.என்.ஏ.வையோ, தொப்பியில் மீத்தைல் குறி சரியாக இல்லாத ஆர்.என்.ஏ.வையோ பார்த்தால் 'இது வெளியாள்' என்று கண்டுகொள்ளும். உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருள் சுரந்து, பக்கத்து உயிரணுக்கள் எல்லாம் உஷாராகிவிடும்.

ஆட்டின் உயிரணுவில் இந்த முத்திரை குத்தும் அலுவலகம் உட்கருவுக்குள் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி வைரஸ் பிரதி எடுப்பதோ உட்கருவுக்கு வெளியே. அந்த அலுவலகத்துக்கு அது போவதே இல்லை. அதனால் முத்திரையையும் தானே செய்து வைத்திருக்கிறது. பிரதி எடுக்கும் அதே எல் புரதம்தான் தொப்பியும் பொருத்துகிறது, மீத்தைல் குறியும் வைக்கிறது. ஒவ்வொரு மரபணுவின் முடிவிலும் ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில், ஏர் ஒரே சாலில் திரும்பத் திரும்பப் போவது போல, அங்கேயே நின்று நின்று பிரதி எடுத்து, தூது ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு நீண்ட வாலையும் சேர்த்துவிடுகிறது. முன்னால் தொப்பி, பின்னால் வால். ஆட்டின் சொந்த தூது ஆர்.என்.ஏ.வுக்கும் இதே அடையாளம்தான். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாமல் ரைபோசோம் வைரஸ் புரதத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

இந்த ஆராய்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறியாடுகளில். அந்த ஆய்வை வெளியிட்டவர்களில் ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ்.ஷைலா. ஆட்டுக்கொல்லி வைரஸுக்கு நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் வைரஸில், தொப்பி பொருத்தும் நொதி வேலைகள் எல் புரதத்திடமே இருப்பதைப் பின்னாளில் காட்டியதும் அவருடைய ஆய்வகம்தான்.

மருந்து வராதா?

வருவதற்கு இடம் இருக்கிறது. அமியா பானர்ஜியின் குழு 1975-லேயே ஒரு விஷயத்தைக் கவனித்தது. முன்பு சொன்ன வாய்ப்புண் வைரஸ் தொப்பி பொருத்தும் முறை, மாடும் ஆடும் மனிதனும் செய்யும் முறை அல்ல. நம் உயிரணுவில் தொப்பியாகப் போகும் எழுத்தை நொதி முதலில் தன்மேல் ஏற்றிக்கொண்டு, பிறகு ஆர்.என்.ஏ.வின் முனையில் வைக்கும். அந்த வைரஸிலோ, எல் புரதம் ஆர்.என்.ஏ.வையே தன்மேல் ஏற்றிக்கொண்டு, தொப்பியிடம் கொண்டுபோய் ஒட்டுகிறது. இதை 2007-ல் டொமொவாக்கி ஒகினோவும் பானர்ஜியும் தெளிவாக விளக்கினார்கள். வெறிநாய்க்கடி வைரஸும் இதே வழியில்தான் செய்கிறது. முத்திரை ஒன்றுபோல இருந்தாலும் குத்தும் விதம் வேறு. அந்த வேறான இடத்தைக் குறிவைத்து மருந்து செய்தால் வைரஸ் நிற்கும், ஆட்டுக்குக் கெடுதல் இருக்காது என்பதுதான் விஞ்ஞானிகளின் எண்ணம்.

ஆனால் ஆட்டுக்குப் போட அப்படி ஒரு மருந்து இன்று கடையில் இல்லை. 'வைரஸைக் கொல்லும் ஊசி' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நாளைக்கு வந்தாலும், காய்ச்சல் தெரிகிற நேரத்தில் வைரஸ் உடம்பு முழுக்கப் பெருகியிருக்கும். ஒவ்வொரு ஆட்டுக்கும் நாள் தவறாமல் மருந்து கொடுப்பதும் கட்டுப்படியாகாது.

வைரஸ் உள்ளே புகுந்து முத்திரை குத்த ஆரம்பித்த பிறகு மல்லுக்கட்டுவதைவிட, வாசலிலேயே தடுப்பது எளிது. தடுப்பூசி அதைத்தான் செய்கிறது. உயிரணுவுக்குள் நுழைய வைரஸ் பயன்படுத்தும் வெளிப்புறப் புரதங்களை ஆட்டின் உடம்புக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டி வைக்கிறது. அரசூரில் கிடைத்த வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'அரசூர் 87' தடுப்பூசியை உருவாக்கியது. வடக்கே முக்தேஸ்வரில் உருவான 'சுங்ரி 96' நாடெங்கும் பயன்படுகிறது.

தோலுக்கடியில் ஒரு மில்லி. ஒருமுறை சரியாகப் போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாப்பு. தடுப்பூசி போட்ட தாயின் சீம்பால் குடித்த குட்டிக்கு மூன்று, நான்கு மாதம்வரை தாயின் எதிர்ப்புச் சக்தி இருக்கும். அதற்குப் பிறகு குட்டிக்குப் போட வேண்டும். அதனால் தாய் ஆடுகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும், ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கு விடுபடக் கூடாது. சந்தையில் வாங்கும் ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, தடுப்பூசி போட்ட பிறகே மந்தையில் சேருங்கள். இந்த மூன்று வாரம்தான் உங்கள் 14 ஆடுகளையும் காப்பாற்றியிருக்கும்.

மருந்தே இல்லாத நோயை ஒழிக்க முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். மாட்டு வெக்கை நோய்க்கும் கடைசிவரை மருந்து கிடையாது. ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டே விரட்டினோம். இந்தியாவில் கடைசியாக 1995-ல் அந்த நோய் பதிவானது. 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க வேண்டும் என்பது உலக அமைப்புகளின் இலக்கு.

---

கேள்வி: "தடுப்பூசி மருந்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீடு வந்து சேருவதற்குள் ஐஸ் எல்லாம் உருகிவிட்டது. மருந்து தெளிவாகத்தான் தெரிகிறது. போடலாமா?"
- ஒரு வாசகர், ராசிபுரம்.

பதில்: போடாதீர்கள். மருந்து கெட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த, உயிருள்ள வைரஸ். மேலே சொன்ன பிரதி எடுப்பது, தொப்பி பொருத்துவது எல்லாவற்றையும் அதுவும் ஆட்டின் உடம்பில் கொஞ்சம் செய்தாக வேண்டும். அப்போதுதான் ஆட்டின் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும். சூட்டில் அந்த வைரஸின் மேலுறையும் நொதியும் கெட்டுவிட்டால், நீங்கள் போடுவது வெறும் தண்ணீர். அதைவிடக் கெடுதல், 'ஊசி போட்டாயிற்று' என்ற நம்பிக்கையில் ஆட்டைச் சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் தைரியமாக ஓட்டுவீர்கள்.

மருந்தைத் தெர்மாகோல் பெட்டியில் போதுமான ஐஸ் வைத்துத்தான் எடுத்து வர வேண்டும். கூடவே தரும் கரைப்பானில்தான் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் கூடாது. கலந்த மருந்தை ஐஸ்மேல் வைத்தே, இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். மிச்சத்தை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள். சிரிஞ்சை ஸ்பிரிட், டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சொட்டே தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும். காலை வெயில் ஏறுவதற்கு முன் போடுவது நல்லது. இவ்வளவு ஏற்பாடு தனியாளுக்குச் சிரமம். ஊரில் நான்கு பேர் சேர்ந்து மருந்தகத்தில் கேட்டு, முகாமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

கேள்வி: "மல்லாட்டைச் செடியில் நுனி மொட்டு கருகி, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. இலையில் வளையம் வளையமாகப் புள்ளி. பூஞ்சாணக்கொல்லி மூன்று முறை அடித்தும் பலனில்லை. என்ன நோய்?"
- ஒரு வாசகர், திண்டிவனம்.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மொட்டுக் கருகல் நோயைக் காட்டுகின்றன. இதுவும் வைரஸ்தான், பூஞ்சாணம் இல்லை. செங்கம் வாசகரின் ஆன்டிபயாடிக் போலவே உங்கள் பூஞ்சாணக்கொல்லிக்கும் இங்கே வேலை இல்லை.

ஆட்டுக்கொல்லியோடு இதையும் சேர்த்து வெளியிடக் காரணம் உண்டு. இதுவும் நெகட்டிவ் இழை வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் முத்திரையை இது சொந்தமாகச் செய்வதில்லை, திருடுகிறது. இதன் நெருங்கிய உறவான தக்காளி புள்ளி வாடல் வைரஸில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். செடியின் சொந்த தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, தொப்பியோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்து, அதைத் தன் பிரதியின் தலையில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்தவர் பத்திரத்தில் முத்திரை உள்ள பகுதியைக் கத்தரித்துத் தன் காகிதத்தில் ஒட்டுகிற வேலை. மனிதருக்கு வரும் இன்ஃபுளுயென்சா வைரஸும் இப்படித்தான் திருடுகிறது. அந்த வெட்டும் நொதியை முடக்கும் பாலோக்சவிர் என்ற மாத்திரை 2018-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. பயிருக்கு அப்படி ஒன்று இல்லை.

ஆகவே, நாம் பிடிக்க வேண்டியது வைரஸைச் சுமந்து வரும் இலைப்பேனை. இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது நோய்ச் செடியில் சாறு உறிஞ்சி வைரஸை வாங்கிக்கொள்ளும். வளர்ந்து பறக்கும்போது, சாகும்வரை செடிக்குச் செடி பரப்பும். நீங்கள் மருந்து அடித்தாலும், பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வரும் ஒரு பூச்சி சாவதற்குள் நோயைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதனால் மருந்தை மட்டும் நம்ப முடியாது.

அடுத்த பட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். இந்த நோயைத் தாங்கும் ரகம் எது கிடைக்கிறது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு விதையுங்கள். 15-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக விதைத்தால் இடைவெளியில் இலைப்பேன் இறங்குவது குறையும். ஏழு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு ஊடுபயிராக விடுங்கள். உயர்ந்து நிற்கும் கம்பு, காற்றோடு வரும் இலைப்பேனுக்குத் தடையாக இருக்கும். விதைத்த ஆறு வாரம்வரை, நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழியுங்கள். வரப்பில் களை நிற்க விடாதீர்கள். அதில்தான் இலைப்பேனும் வைரஸும் அடுத்த பட்டம்வரை காத்திருக்கும். இந்தப் பட்டத்தில் கருகிவிட்ட செடிக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

(கேள்வி அனுப்பும் வாசகர்கள், கால்நடை என்றால் அதன் வயது, கடைசியாகத் தடுப்பூசி போட்ட மாதம், புதிதாக ஆடு மாடு வாங்கிச் சேர்த்த நாள் ஆகியவற்றையும், பயிர் என்றால் ரகம், விதைத்த தேதி, இதுவரை அடித்த மருந்துகளின் பெயர் ஆகியவற்றையும் தவறாமல் எழுதுங்கள்.)